நடுவில் விடுபட்ட ஆர்

புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளர்களே, உங்கள் முத்திரைகளில் மை இன்னும் காயவில்லை. அதற்குள் உங்களில் ஒருவர் பெயர்ப்பலகை போட்டுவிட்டார். வரும் வழியில் பார்த்தேன். 'மொழிப்பெயர்ப்பாளர்' என்று ஒரு 'ப்' கூடுதலாக நிற்கிறது. பலகை எழுதிய பெயின்ரர் விட்ட பிழை என்று சொல்வீர்கள். இந்தத் தொழிலில் எல்லாப் பிழையும் பெயின்ரர் விட்ட பிழைதான். முப்பத்தொரு வருடம் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

எனக்கு வாழ்த்துச் சொல்ல வராது. எந்தப் படிவத்தில் எங்கே முத்திரை குத்துவது என்பதை ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தச் சொல்லை எழுதியவளும் நான்தான்.

ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜீ, எச் என்று நான்கு எழுத்துகள் கூட்டாகத் திரியும். though என்றால் ஒரு சத்தம். through என்றால் வேறு சத்தம். tough, cough, bough என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். கடைசியில் ரீ என்ற எழுத்தும் சேர்ந்தால் thought, fought, sought, bought, brought என்று இன்னொரு கூட்டம். இதில் ஜீக்கும் எச்சுக்கும் ஒரு வேலையும் இல்லை. கலியாண வீட்டில் ஒரு தேங்காய் துருவாமல் முதல் பந்தியில் குந்துகிற சொந்தக்காரரைப் போல நடுவில் இருக்கும். இவற்றை அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் தேவாரம் போல இராகம் இழுத்து ஒப்புவிக்க வைக்கும் தனியார் ரியூட்டரிகள் யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி உண்டு. உங்களில் பலர் அங்கேதான் படித்தீர்கள். கையில் கைபேசி இல்லாமல் ஒரு பக்கம் எழுதத் தெரியாவிட்டாலும் அந்தப் பட்டியல் உங்களுக்குப் பாடம்.

எனக்கும் பாடம்தான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துக்கூட்டுவேன். தெரியாதவர் விடும் பிழை வேறு, தெரிந்தவர் விடும் பிழை வேறு. தெரியாதவர் பயந்துபோய் அகராதியைத் திறப்பார். தெரிந்தவரின் அகராதி அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும்.

என் மேசை நீதிமன்றத்துக்கு முன்னால் உள்ள குறுகிய ஒழுங்கையில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் நான்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தோம். மற்றவர்களின் பிழைகளைச் சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. ஒருவர் late father என்பதற்குக் 'காலஞ்சென்ற தகப்பன்' என்று வரவேண்டிய இடத்தில் 'நேரம் பிந்திய தகப்பன்' என்று எழுதியிருந்தார். தேநீர் வேளையில் அதை வாசித்துக் காட்டினால் ஒழுங்கை முழுவதும் சிரிக்கும். என் மேசையைக் கடக்கும்போது மற்றவர்கள் கடதாசியைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒரு நாள் யோகராணி என்ற பெண் சத்தியக் கடதாசி ஒன்றை ஆங்கிலமாக்கக் கொண்டுவந்தார். அரியாலையில் நண்டும் இறாலும் பிடிக்கும் குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அக்கா இறுதிப் போரில் செல் குண்டு விழுந்து இறந்துவிட்டார். அக்காவின் கணவர் எங்கெங்கோ அலைந்து கடைசியில் ஒரு வெளிநாட்டில் குடியுரிமை எடுத்து, மகள் மதுசாவைத் தன்னிடம் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். பெண்ணுக்குப் பதினேழு வயது. குறித்த வயது தாண்டிவிட்டால் பிள்ளை என்ற வகையில் கூப்பிட முடியாது. சில மாதங்களே மிச்சம். இத்தனை வருடமும் பிள்ளை யாரிடம் இருந்தாள் என்று தூதரகம் கேட்டிருந்தது. அதற்குத்தான் அந்தக் கடதாசி.

தமிழில் இரண்டே வரி. 'போர் முடிந்த கையோடு, இரண்டு வயதுப் பிள்ளையை முகாமிலிருந்து நானே கூட்டி வந்தேன். அன்று முதல் நானே வளர்த்து வருகிறேன்.'

கூட்டி வந்தேன் என்பதற்கு brought. நான் எழுதியது bought. நடுவில் ஆர் என்ற ஓர் எழுத்து விடுபட்டது. 'இரண்டு வயதுப் பிள்ளையை முகாமிலிருந்து விலைக்கு வாங்கினேன்.' இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. எழுவாய் சரி, காலம் சரி. கணினி பிழையான சொல்லுக்குத்தான் சிவப்புக் கோடு போடும். இது சரியான சொல். பிழையான இடத்தில் நிற்கும் சரியான சொல்லைப் பிடிப்பதற்குத்தான் நமக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைத்து முத்திரை தருகிறார்கள். அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? விரல் தட்டிக்கொண்டிருக்க, வாய் பக்கத்து மேசைக்காரருக்கு வேறொருவரின் பிழையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. சிரித்து முடித்துவிட்டு, 'உண்மையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு' என்பதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

ஆறேழு கிழமை கழித்து யோகராணி ஒரு கடிதத்தோடு வந்தார்.

"மிஸ், உந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. விசா சரி வந்திட்டுதோ?"

வாசித்தேன். 'பிள்ளை எந்தச் சூழ்நிலையில், யாரிடமிருந்து வாங்கப்பட்டாள் என்பதை எழுத்தில் விளக்கவும்.' மேசை லாச்சியைத் திறந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். சொல் அங்கேயே இருந்தது.

"என்ன மிஸ், முகம் மாறுது? ஏதும் பிழையோ?"

"ஒண்டுமில்லை. இன்னொரு பிரதி கேக்கினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

இவ்வளவு சுலபமாக ஒரு பொய் என் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் நான்கு பெரிய நண்டுகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்த நண்டுகளை நான் சமைத்துச் சாப்பிட்டேன்.

பக்கத்து மேசைக்காரர் என்னிலும் பத்து வயது மூத்தவர். தொழிலை எனக்குப் பழக்கியவர். ஒழுங்கை முழுவதும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடும். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "உன்ரை பிழை எண்டு வாயைத் திறந்தியோ, முத்திரை போயிடும். சத்தம் போடாமல் புதுசா ஒண்டு அடிச்சு, பழைய திகதியையே போட்டு அனுப்பு. அவங்கள் ஆயிரம் கடதாசி பாக்கிறவங்கள். ஆர் ஒத்துப் பாக்கப்போறான்?"

உங்களுக்கும் இப்படி ஓர் அண்ணை வாய்ப்பார். நாற்பது வருட அனுபவம், ஒருபோதும் அகப்பட்டதில்லை என்பார். அகப்படாததைத் திறமை என்று நினைக்கிறவரிடம் பாடம் கேட்காதீர்கள். நான் கேட்டேன். எழுத்தைச் சேர்த்து, பழைய திகதியைப் போட்டு, ஒரு விளக்கமும் இல்லாமல் அனுப்பினேன்.

ஒத்துப் பார்த்தார்கள். ஒரே திகதி, ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து. முதல் பிரதியில் 'வாங்கினேன்', இரண்டாவதில் 'கூட்டி வந்தேன்'. கேள்வி கேட்டதும் சொல்லை மாற்றியவர்கள் என்று யோகராணியையும் பிள்ளையையும் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். விளக்கம் வராவிட்டால் கோப்பு மூடப்படும் என்று இரண்டாவது கடிதம் வந்தது. அதோடு விசயம் இங்குள்ள சிறுவர் பாதுகாப்புக் கந்தோருக்கும் போயிருந்தது. ஓர் உத்தியோகத்தர் அரியாலைக்கு வந்து, படலையடியில் நின்றுகொண்டே, அயல் சனம் பார்த்திருக்க, இந்தப் பிள்ளையை யார் விற்றது என்று யோகராணியைக் கேட்டார். அவருக்கும் தன் தொழிலைப் பற்றிய பெருமை அதிகம் போலிருக்கிறது. உள்ளே போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டு நாளில் ஊர் முழுவதும் கதை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி மதுசாவிடம், "உன்னை எத்தினைக்கு வாங்கினவை?" என்று கேட்டாளாம்.

மூன்றாம் நாள் மதுசா வந்தாள். வெள்ளைச் சீருடை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். பின்னால் யோகராணி. வெளிநாட்டிலிருந்து தகப்பன் கைபேசியில் அனுப்பிய இரண்டு பிரதிகளையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். என் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"மிஸ், இதிலை ஆர் இல்லை."

யோகராணி பதறிப்போனார். "ஆர் இல்லை? ஆரைக் காணேல்லை?"

"ஆளில்லை சின்னம்மா, எழுத்து. முதல் கடதாசியிலை அந்த எழுத்து இல்லை. ரெண்டாவதிலை இருக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "ரெண்டும் நீங்கள் எழுதினது தானே மிஸ்?"

"அது தட்டேக்கை வந்த சின்னப் பிழை, பிள்ளை."

"சின்னப் பிழையெண்டா ஏன் மிஸ் சொல்லேல்லை?"

பக்கத்து மேசையில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. வழக்கமாக நான் வாசித்துக் காட்டும்போது சிரிக்கிற மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பிழை தன்ரையில்லை எண்டு நான் எத்தினை தரம் சொல்லியும் சின்னம்மா நம்புறா இல்லை. தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுறன் எண்டு நினைக்கிறா. தான் ஏதோ பிழையா வாய் விட்டிட்டன் எண்டு ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. தமிழிலை சொல்லுங்கோ."

அதுவரை என் தொழிலில் யாரும் என்னிடம் கேட்ட மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அதுதான்.

"நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு சொன்னதை, காசுக்கு வாங்கினனான் எண்டு நான் எழுதிப்போட்டன்," என்றேன். "கடிதம் வந்தவுடனை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்களுக்கு மறைச்சுப்போட்டன்."

யோகராணி ஓரடி முன்னுக்கு வந்தார்.

"அப்ப, நான் நண்டு கொண்டுவந்து தரேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வா பிள்ளை" என்று மதுசாவின் கையைப் பிடித்தார். அவள் அசையவில்லை.

"இப்ப என்ன செய்யப்போறியள் மிஸ்?"

அன்று பின்னேரமே என் பெயரில் ஒரு சத்தியக் கடதாசி எழுதினேன். பிழை என்னுடையது, எழுத்து என் கையால் விடுபட்டது, இரண்டாவது பிரதியைப் பழைய திகதியில் மாற்றி அனுப்பியதும் நான், இந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இதில் ஒன்றும் தெரியாது. ஒரு பிரதி தூதரகத்துக்கு. இன்னொன்று எனக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைத்த நீதிமன்றப் பதிவாளருக்கு. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ரை கழுத்துக்கு நீயே கயிறு திரிக்கிறாய்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

தூதரகம் மூவரையும் கொழும்புக்கு நேரில் வரச் சொன்னது. காங்கேசன்துறையிலிருந்து வரும் காலை ரயிலில் ஏறினோம். மதுசா சன்னலோரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். வவுனியா தாண்டியதும் யோகராணி என் பக்கம் சாய்ந்தார். நண்டுக் கதைக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் பேச்சு அது.

"மிஸ், ஒரு விசயம். நான் சும்மா கூட்டிக்கொண்டு வரேல்லை."

"என்ன சொல்லுறியள்?"

"முகாமிலை, வெளியிலை விடுற ஆக்களின்ரை பேர் எழுதின ஒருத்தன் என்ரை காதையே பாத்துக்கொண்டு நிண்டவன். மூண்டு நாளா அலைக்கழிச்சவன். நாலாம் நாள் தோட்டைக் கழட்டிக் குடுத்தனான். அடுத்த நாளே பிள்ளையின்ரை பேர் வந்திட்டுது." மதுசாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப நீங்கள் எழுதினது பிழையோ, சரியோ?"

அது வெறும் எழுத்துப் பிழை, வேறு ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்து அனுப்பியிருந்தவள் நான். 'அதைப் பற்றி வாயே திறக்காதேங்கோ' என்று சொல்வது எவ்வளவு சுலபம்! சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்தச் சுலபத்தை நான் ஒருமுறை செய்து பார்த்திருந்தேன். அதன் பலன்தான் இந்த ரயில்.

"பிழைதான்," என்றேன். "பிள்ளை அவன்ரை பொருளில்லை, விக்கிறதுக்கு. நீங்கள் அவனுக்குக் குடுத்தது பட்டியலிலை ஒரு பேருக்கு. கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. ஒண்டும் மறைக்காதேங்கோ."

"சொன்னா விசா இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்களெண்டா?"

"அது எனக்குத் தெரியாது."

அவர் மதுசாவின் பக்கம் திரும்பி, சரிந்திருந்த அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அப்பால் இளம் அதிகாரி ஒருத்தி. பக்கத்தில் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர், கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். கேட்டால் மட்டும் கதைக்க வேண்டும். என் சத்தியக் கடதாசியைப் பற்றி நான்கு கேள்வி. பதில் சொன்னேன். அதிகாரி என்னைப் பார்த்ததுபோல நான் மற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். என்மீது அதுவரை அப்படி ஒரு பார்வை விழுந்ததில்லை. பிறகு அவள் யோகராணியிடம் திரும்பினாள். இந்தப் பிள்ளை தொடர்பாக யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்தீர்களா?

யோகராணி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம். என்ரை தோட்டைக் குடுத்தனான். பிள்ளைக்காண்டித்தான் குடுத்தனான்."

கழுத்துப்பட்டிக்காரர் அதை ஒரே மூச்சில் ஆங்கிலமாக்கினார். பிள்ளையின் பொருட்டு என்று யோகராணி சொன்னது, அவர் போட்ட for the child என்ற ஆங்கிலத்தில் பிள்ளைக்கு விலையாக என்றும் பொருள் தந்தது. அதிகாரியின் பேனா நின்றது. பிழை எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் அதைத் திருத்தும் படிப்பும் முத்திரையும் எனக்குத்தான் இருந்தன. கேட்டால்தான் கதைக்க வேண்டும் என்ற விதியை நினைத்தேன், என் நிலைமையை நினைத்தேன், என் வாய் திறக்கவில்லை.

மதுசா திறந்தாள். யோகராணியையே பார்த்துக்கொண்டு நின்றவள், கண்ணாடிப் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு இல்லை. பட்டியலுக்கு. பட்டியலில் என் பெயருக்கு. அவ்வளவுதான். ஒரு வினைச்சொல்கூட இல்லாத ஆங்கிலம். ரியூட்டரியில் சொல்லியிருந்தால் வாசலில் முழங்காலில் நிற்க விட்டிருப்பார்கள். என் கைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். ரயிலில் அவள் நித்திரையாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரிடம், முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு வசனமாகக் கேட்கும்படி சொன்னாள். இந்த முறை யோகராணி முகாமையும், பட்டியலையும், அந்த ஆளையும், நான்கு நாளையும் சொன்னார். அரை மணித்தியாலம் எடுத்தது.

வெளியே தெருவில் வெயில் கொளுத்தியது. மதுசா கேட்டாள்.

"ஏன் சின்னம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"அது சொல்லுற அளவுக்குப் பெரிய தோடில்லையடி."

மதுசா சிரித்தாள். பிறகு வெகு நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

விசா வந்தது. வயது தாண்டுவதற்குப் பதினொரு நாள் இருந்தபோது வந்தது. என் நேர்மையால் வந்தது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். என்னால் வந்தது தாமதம் மட்டுமே. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அரியாலையில் இன்றைக்கும் சிலர் 'வாங்கின பிள்ளை' என்று சொல்வதாக அறிகிறேன். ஊர் வாயிலிருந்து ஒரு சொல்லைத் திருப்பி வாங்க எந்தச் சத்தியக் கடதாசியும் இல்லை.

நீங்கள் கைபேசியால் படம் பிடித்து மொழிபெயர்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மறுக்காதீர்கள், மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு செய்வதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கைபேசி brought என்ற சொல்லில் ஆர் விடாது. அதற்கு என்னைவிட நன்றாகப் பாடம். ஆனால் 'பிள்ளைக்காண்டி' என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அந்தக் கழுத்துப்பட்டிக்காரருக்கும் தெரியவில்லை. தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எந்தப் பிழை மோசம் என்று நீங்களே தரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

மதுசா போன பிறகு பதிவாளர் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார். யோகராணியையும் அழைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் அவர்தான். முறைப்பாடு ஏதாவது உண்டா என்று பதிவாளர் கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊரில் இப்படியான இடங்களில் சனங்கள், 'பாவம், விடுங்கோ ஐயா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

யோகராணி அப்படிச் சொல்லவில்லை. எழுதுவினைஞரின் பேனாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"எழுதுங்கோ தம்பி. மிஸ் பிழை விட்டவ. பிறகு மறைச்சவ. பிறகு தானாச் சொன்னவ."

எழுதுவினைஞர் முதல் இரண்டையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

"மூண்டையும் எழுதுங்கோ," என்றார் யோகராணி. "ஒண்டை விட்டாலும் நடந்தது மாறிப்போயிடும்."

எழுதினார்கள். ஒரு வருடம் என் முத்திரையை வாங்கி வைத்தார்கள்.